தண்ணீருக்குள் நிற்கும் வைரவர்

சுரங்கத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் ஓய்வு பெற்ற ஆள். கேட்டால் தொடங்கி விடுவேன், நிறுத்தத்தான் தெரியாது. ஆகவே முதலிலேயே சொல்லி விடுகிறேன்: வெடிமருந்தை எப்படி நிரப்புவது, பாறைச் சுவரை எந்தச் சரிவில் விடுவது என்பதெல்லாம் இதில் இராது. அவை உங்கள் பாடப் புத்தகங்களில் என்னைவிட நன்றாக இருக்கின்றன. நான் எழுதப் போவது சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணியில் குடித்த ஒரு கோப்பைத் தேநீரைப் பற்றி.

யாழ்ப்பாணத்தில் ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. நிலைபேறான கனிய, நிலக்கரி அகழ்வுத் தொழில்நுட்பம் என்று தலைப்பு. பதாகையில் இடம் போதாமல் கடைசிச் சொல்லைத் தனியாக அடுத்த வரியில் விட்டிருந்தார்கள். என்னை ஏற்றி வந்த முச்சக்கர வண்டித் தம்பி அதை வாசித்துவிட்டு, "ஐயா, இங்கை ஆர் நிலக்கரி கிண்டுறது?" என்று கேட்டார். கேள்வி சரிதான். எங்கள் குடாநாட்டில் கிண்டினால் வருவது சுண்ணாம்புக்கல், அதற்குக் கீழே தண்ணீர், அதற்கும் கீழே கடல். ஆனால் நிலக்கரிக்காரருக்கும் எங்களுக்கும் ஒரு தலையிடி பொதுவானது. எடுக்க வேண்டியதை எடுத்து முடித்த பிறகு அந்தக் குழியை என்ன செய்வது? அதைக் கதைக்கத்தான் பல நாடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள்.

நான் இரண்டு பக்கமும் நின்றவன். இளமையில் காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல். இடம்பெயர்ந்த பிறகு கடல் கடந்து போய், ஓய்வு பெறும்வரை நிலக்கரி. இப்போது சண்டிலிப்பாயில் தோட்டங்களுக்கு நடுவே நானும் மனைவியுமாக இருக்கிறோம். நிலக்கரி எனக்குச் சோறு போட்டது, பிள்ளைகளைப் படிப்பித்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒருநாளும் என் கனவில் வந்ததில்லை. கறுப்புச் சுரங்கத்தில் அத்தனை வருடம் வேலை செய்துவிட்டு, கண்ணை மூடினால் வெள்ளைக் கல்லையே கண்டுகொண்டிருந்தேன். அந்த ஏக்கத்தை மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. கல்லுக்கு ஏங்குகிறவனை யார் மதிப்பார்கள்?

நான் வேலை பழகியது ஒரு சின்னக் குழியில். எங்கள் பக்கத்தில் கல்லுக்கிடங்கு என்போம். சீமெந்துக்குக் கல் போன பெரிய குழிகளோடு பார்த்தால் அது பிள்ளைக் குழி. அங்கே எங்களுக்கு மேலாளராக இருந்தவரைப் பெரியவர் என்று மட்டும் சொல்கிறேன். தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை, இப்போது விரும்புவார் என்று நினைக்கவும் காரணம் இல்லை. குணம் என்பவன் என் வயதுக்காரன், கல்லுக்கு வெடி வைப்பவன். நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம், ஒரே சைக்கிளில் வேலைக்குப் போனோம். மிதிப்பது எப்போதும் நான். அவன் பின்னால் இருந்து பாட்டுப் பாடுவான்.

ஒருநாள் முற்பகல் குணம் வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. சங்கு ஊதி, சிவப்புக் கொடி காட்டி, எல்லாரையும் தள்ளி நிறுத்தியாயிற்று. மற்றவை வெடித்தன, ஒன்று மட்டும் ஊமையாக இருந்தது. கல்லுடைக்கும் இயந்திரம் கல்லுக்காகக் காத்திருந்தது. கொட்டிலில் இருந்த தொலைபேசி மணி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. குணத்துக்குப் பொறுக்கவில்லை. அது அவன் வைத்த வெடி, அவனுடைய மானம்.

"ஐயா, நான் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன். திரி நனைஞ்சிருக்கும், வேறை ஒண்டும் இல்லை" என்றான்.

பெரியவர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். "இரு" என்றார்.

"போன் அடிக்குது ஐயா."

"அடிக்கட்டும். அது வெடிக்காது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. புட்டும் கத்தரிக்காய்க் கறியும் இருந்தன. மூன்று பேருக்கும் பகிர்ந்து வைத்துவிட்டு, மெல்ல மெல்லச் சாப்பிட்டார். பிறகு வேப்பமரத்தின் கீழ் சாய்ந்துகொண்டார். தொலைபேசி அலுத்துப்போய்த் தானே நின்றது. வெகுநேரம் கழிந்து, விதிப்படி காத்திருக்க வேண்டிய அளவுக்கும் மேலாகவே காத்திருந்து, அதன் பிறகுதான் அந்தத் துளைக்குப் போனோம். திரி நனைந்துதான் இருந்தது. குணம் சொன்னது சரி.

"பாத்தீங்களோ ஐயா, நான் சொன்னனான். ஒண்டும் நடக்கேல்லை. அரைநாள் வீணாப் போச்சு" என்றான் குணம்.

"ஒண்டும் நடக்கேல்லை எண்டதுக்குத்தான்ரா எங்களுக்குச் சம்பளம்" என்றார் பெரியவர்.

இந்தக் கதையைச் சொல்லும்போது இளம் பொறியியலாளர்கள் கொஞ்சம் ஏமாறுகிறார்கள். வெடி பிந்தி வெடித்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும், எனக்கும் தெரியும். பெரியவர் சரி என்று அந்த வெடி வந்து சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் எங்கள் தொழிலில் சரியான முடிவுக்குச் சாட்சி கிடைப்பது குறைவு. நிறுத்தியதால் என்ன தப்பியது என்று யாருக்கும் தெரியாது. நிறுத்தியதால் என்ன போயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் இதைக் கொஞ்சம் யோசியுங்கள், நான் கதைக்கு வருகிறேன்.

கிடங்கின் அடித்தளத்தில், தண்ணீர் ஊறி நிற்கும் மூலைக்குப் பக்கத்தில், எங்களுக்குக் காவல் தெய்வமாக ஒரு வைரவர் இருந்தார். சிலை இல்லை, ஒரு சூலம். தேய்ந்துபோன துளைக் கம்பியை எங்கள் பட்டறையில் காய்ச்சி வளைத்து, குணம் தன் கையால் செய்தது. தடித்த உருக்கு. ஒரு கல் பீடத்தில் ஊன்றி, சிவப்புச் சாயம் பூசி, செவ்வரத்தம்பூ வைத்திருந்தோம். எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. வைரவர் எப்போதும் ஆகக் கீழே உள்ள தளத்தில்தான் நிற்பார். புதிதாக ஒரு தளம் கீழே திறந்தால், முதலில் பொங்கல் பொங்கி, வடைமாலை சாத்தி, வைரவரைக் கீழே இறக்குவோம். அதன் பிறகுதான் மனிதர் இறங்கி வேலை செய்வார்கள். ஆபத்து எங்கே கூடுதலோ அங்கே அவர் நிற்க வேண்டும். பொங்காமல் அவரை அசைக்கவும் கூடாது.

பெரியவர் கோயில் வாசல் மிதிக்காதவர். ஆனால் ஒவ்வொரு காலையும் முதல் வேலையாகக் கிடங்குக்குள் இறங்கி, வைரவரின் காலடியில் ஊறும் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். பிறகு எங்களைப் பார்த்து, "தண்ணி எப்பிடி?" என்று கேட்பார். நாங்களும் அள்ளிக் குடித்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நல்லது என்றால் இறைப்பு மிசினைப் போடுவோம். கொஞ்சம் உவர் தட்டினாலும் மிசின் ஓடாது. அன்றைக்குத் தளம் ஈரமாகவே கிடக்கும், நாங்கள் சேற்றில் உழக்கிக்கொண்டு வேலை செய்வோம்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இதை விளக்க வேண்டும். எங்கள் நிலத்துக்குக் கீழே ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் ஓட்டைகளுக்குள் இறங்கி, கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. அவ்வளவுதான் எங்கள் சொத்து. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதிலிருந்துதான். ஓரிடத்தில் அளவு மீறி இறைத்தால் நல்ல தண்ணீர் மெலிந்து, கடல் அந்த இடத்துக்கு வந்து விடும். வந்த கடலைத் திருப்பி அனுப்ப மழையால்தான் முடியும், அதுவும் அதன் எண்ணப்படி.

பிறகு சண்டை வந்தது. ஒரு காலையில் ஊர் முழுவதும் சைக்கிளிலும் வண்டியிலும் தெற்கே போய்க்கொண்டிருந்தபோது, நானும் குணமும் கிடங்குக்குப் போனோம். மிசின் இரவிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் ஒரு அமைதி வந்தது, அதை என்னால் விளங்கப்படுத்த முடியாது. குணம் வைரவருக்கு முன்னால் நின்றான்.

"தூக்கிக் கொண்டு போவமோ மச்சான்?" என்றான்.

"பொங்காமல் எப்பிடித் தூக்கிறது?"

"அதுதான் பாக்கிறன்."

பானையும் இல்லை, அரிசியும் இல்லை, நேரமும் இல்லை. அவன் சூலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, "ஒரு கிழமையிலை வந்திடுவம் ஐயா. அதுமட்டும் நிண்டு பாத்துக்கொள்ளும்" என்று சொன்னான். மிசின் இல்லாத கிடங்கில் தண்ணீர் தானே ஏறியது. ஒரு கிழமை என்று சொல்லிப் போனோம். நான் அந்த இடத்தை மறுபடி பார்த்தபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

குணம் கனடாவுக்குப் போனான். கடைசி வருடங்களில் நடக்க முடியாமல் கதிரையிலேயே இருந்தான். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு கிழமைக்கு ஒருதரமாவது தொலைபேசியில் கதைப்போம். மருந்து, மகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, அவன் வைக்கப் போகிற நேரத்தில், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்தது போலக் கேட்பான்: "கிடங்குப் பக்கம் போனனியோ? அவர் தெரியிறாரோ?" தெரியவில்லை என்று சொல்வேன். தண்ணீர் பச்சையாக நிற்கும், அடி தெரியாது. "நிப்பார்" என்பான். "அது உருக்கு. லேசிலை போகாது."

கருத்தரங்கை நடத்தியவர்களில் சுகன்யா என்ற இளம் விரிவுரையாளர் ஒருவர். கெட்டிக்காரி. அந்தப் பழைய கிடங்கை மழைத் தண்ணீர் சேர்க்கும் குளமாக்கி, சுற்றியுள்ள கிணறுகளுக்குத் தண்ணீர் ஊற வைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். வெளிநாட்டவர் உதவி இல்லாமல் அது நடக்காது. கருத்தரங்கின் கடைசி நாளில் பேராளர்களைக் கிடங்குக்கு அழைத்து வந்து, தண்ணீரை இறைத்துக் குறைத்து, பாறைச் சுவரில் இருக்கும் குகை வாய்களைக் காட்டப் போவதாகச் சொன்னார். மழைத் தண்ணீர் நிலத்துக்குள் போகும் வழியைக் கண்ணால் கண்டால் நம்புவார்கள் அல்லவா? ஆவணியில் தண்ணீர் ஆகக் கீழே இறங்கி நிற்பதால் இறைப்பதும் சுகம்.

"இன்னும் ஒண்டு ஐயா, தண்ணி இறங்கினால் உங்கடை வைரவரையும் பாக்கலாம்" என்றார் சுகன்யா. எப்போதோ நான் சொன்ன கதையை மறக்காமல் வைத்திருக்கிறார்.

ஆவணியில் தண்ணீர் கீழே இறங்கி நிற்கிறது என்றால், நல்ல தண்ணீர் ஆக மெல்லியதாக இருக்கும் காலமும் அதுதான். அதைச் சொன்னேன். சுகன்யாவும் யோசித்திருந்தார். கிடங்குத் தண்ணீரை உப்பு அளக்கும் மானியால் அளந்துகொண்டே இறைப்போம், உப்பு ஏறினால் நிறுத்துவோம் என்றார். ஒழுங்கான பதில். அதைவிட ஒழுங்கான பதிலைக் கேட்கும் மனநிலையில் நானும் இல்லை. எனக்கு வைரவரைப் பார்க்க வேண்டும். அன்றே குணத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவன் "போனிலை காட்டுவியோ?" என்று கேட்டான், சின்னப் பிள்ளையைப் போல.

முதல் நாளே இறைக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசி நாள் காலை நான் போனபோது தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. பாறைச் சுவரில் பழைய துளைகளின் தடங்கள் தெரிந்தன. அவை குணம் போட்ட துளைகள். என் கால் தானாக விளிம்புக்குப் போயிற்று, மாணவன் ஒருவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

கிடங்குக்கும் கடலுக்கும் நடுவில் பரமேஸ்வரி என்ற பெண்ணின் காணி இருக்கிறது. இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டதும் முதல் ஆளாக வந்து குடியேறியவர்களில் அவரும் ஒருவர். பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. காரணம் கேட்டால், "இந்தக் கிணத்துத் தண்ணிக்காக" என்று சொல்வார். அந்தக் கிணற்றை இறைத்துத்தான் வெங்காயமும் கத்தரியும் செய்கிறார். எங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தரும் பொறுப்பையும் அன்று எடுத்திருந்தார். காலையில் போனதும் ஒரு கோப்பை தந்தார். நான் பாலும் சீனியும் சேர்ப்பதில்லை. வெறும் தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிப்பவன். அருமையான தேத்தண்ணி.

மத்தியானம் நெருங்கும்போது குணத்துக்கு வீடியோ அழைப்பு எடுத்து, தொலைபேசியை ஒரு கல்லில் சாத்தி, தண்ணீரைப் பார்க்க வைத்தேன். அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். "எந்த மூலை மச்சான்? கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு" என்று அவன் குரல் வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் அந்த மூலையில் ஒரு நிழல். நேராக, மெல்லியதாக, மேலே அகன்று. கண் நீரால் நிறைந்ததால் சரியாகப் பார்க்கவும் முடியவில்லை. இன்னும் ஒரு முழம் இறங்கினால் முனை வெளியே வந்துவிடும்.

அப்போதுதான் பரமேஸ்வரி அடுத்த கோப்பையைக் கொண்டுவந்து தந்தார். பனங்கட்டியைக் கடித்து, ஒரு மிடறு வாயில் எடுத்தேன். விழுங்க முடியவில்லை. பனங்கட்டியின் இனிப்புக்குப் பின்னால், நாக்கின் ஓரத்தில், ஒரு கரிப்பு.

சுற்றிலும் பார்த்தேன். மாணவர்கள் எல்லாரும் பாலும் சீனியும் போட்ட தேத்தண்ணியைச் சிரித்துக் கதைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

"என்ன ஐயா, சாயம் கூடிப் போச்சோ?" என்றார் பரமேஸ்வரி. தன் கையில்தான் பிழை என்று நினைத்துவிட்டார்.

"இது எந்தத் தண்ணி பிள்ளை?"

"எங்கடை கிணத்துத் தண்ணிதான். காலமையும் அதுதானே குடிச்சனீங்கள்."

பிள்ளைகளே, அந்த மிடறை வாயில் வைத்துக்கொண்டு நான் நின்ற நேரத்தைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினேன். கோப்பையை மண்ணில் ஊற்றிவிட்டுப் பேசாமல் நிற்கலாம். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. கிடங்குத் தண்ணீரை அளந்த மானியில் உப்பு ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் மட்டும். வயது போனவனின் நாக்குத்தானே, பிழையாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனம் எவ்வளவு கெட்டித்தனமாக வக்கீல் வேலை பார்க்கும் என்பதை அன்று கண்டேன். ஆசை இல்லாத இடத்தில் சரியாகத் தீர்மானிப்பது பெரிய காரியம் இல்லை. என் ஆசை கண்ணுக்கு முன்னால், ஒரு முழம் தண்ணீருக்குள் நின்றது.

துப்பினேன். சுகன்யாவைக் கூப்பிட்டேன்.

"மானியைக் கொண்டு வா பிள்ளை. கிடங்குக்கு இல்லை, இவவின்ரை கிணத்துக்கு."

கிணற்றுக்குள் மானியை இறக்கினார். அளவைப் பார்த்தவர் மறுபடி இறக்கினார். இரண்டு தரமும் உப்பு ஏறித்தான் காட்டியது.

"கிடங்குத் தண்ணி இன்னும் நல்லாத்தானே ஐயா இருக்கு?"

"கிடங்கு இந்தக் கிணத்திலையிருந்து குடிக்குது. கிணறு கடலிலையிருந்து குடிக்குது. கடைசியாத்தான் கிடங்குக்குத் தெரியும்."

பரமேஸ்வரி எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, தண்ணி உவராப் போச்சோ?" என்றார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று கேட்கும் குரல் அது.

சுகன்யாவின் தொலைபேசி அடித்தது. பேராளர்களின் பஸ் தெல்லிப்பழை தாண்டிவிட்டதாம். அவர் கிடங்கைப் பார்த்தார். குகை வாய்களில் முக்கியமானது இன்னும் பாதி தண்ணீருக்குள். அவருடைய திட்டத்தின் உயிர் அதுதான். பிறகு என்னைப் பார்த்தார்.

"நிப்பாட்டினால் உங்கடை வைரவர்?"

"அவர் நிக்கட்டும். அவருக்குத் தண்ணி பழகிப் போச்சு. இவவுக்கு உவர் பழகாது."

சுகன்யா தானே நடந்துபோய் மிசினை நிறுத்தினார். அந்த அமைதி மறுபடி வந்தது. இளமையில் என் கையால் நிறுத்தியபோது வந்த அதே அமைதி. இந்த முறை அதற்குள் பரமேஸ்வரியின் தோட்டத்துக் குருவிகள் கேட்டன.

பஸ் வந்தது. சுகன்யா பேராளர்களுக்கு முன்னால் நின்று, காட்ட நினைத்ததைக் காட்ட முடியாது என்றும், ஏன் முடியாது என்றும் சொன்னார். பிறகு அவர்களைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். நிலக்கரி நாட்டிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் குடித்துவிட்டு, வெகுநேரம் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. உதவி வருமா என்பதற்கு இதை எழுதும் இன்றுவரை பதில் இல்லை. சுகன்யா காத்திருக்கிறார். காத்திருப்பதும் வேலைதான் என்று அவருக்கு வேப்பமரத்துக் கதையைச் சொன்னேன்.

குணத்தை மறந்தே போனேன். கல்லில் சாத்திய தொலைபேசி அப்படியே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவன் கதிரையில் இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"தண்ணி எப்பிடி?" என்றான்.

பெரியவரின் கேள்வி. அதே தொனி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்கிறேன்.

"கரிக்குது மச்சான். நிப்பாட்டியாச்சு. மழை வந்தால் சரி வரும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மிசின் நிக்கேக்கை எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு மச்சான்" என்றான். "நிக்காட்டி உன்னோடை ஒருநாளும் கதைச்சிருக்க மாட்டன்."

மழைக்கு முன்னமே குணம் போய்விட்டான். மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். அந்த வருட மாரி நன்றாகப் பெய்தது. பரமேஸ்வரி அதுவரை வீட்டுத் தேவைக்குப் பக்கத்து வளவிலிருந்து தண்ணீர் அள்ளினார், ஒரு பாத்தி கத்தரி கருகியது, என்னை ஒரு சொல் ஏசவில்லை. மார்கழியில் ஒருநாள் கூப்பிட்டு ஒரு கோப்பை தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விழுங்கினேன். அவரும் உள்ளே போனார்.

ஆவணியில் மட்டும் நான் கிடங்குப் பக்கம் போவதில்லை. அப்போது தண்ணீர் இறங்கி நிற்கும். இன்னும் கொஞ்சம் இறங்காதா, இந்த வருடம் மழை கொஞ்சம் பிந்தாதா என்று மனம் கேட்கத் தொடங்கும். அந்த நிழல் சூலம்தானா, அல்லது கல்லில் ஏதும் கீறலா என்றுகூட எனக்கு இன்னும் தெரியாது. பார்க்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை, போகப் போவதும் இல்லை. ஆகவே நான் மார்கழியில் போகிறேன். கிடங்கு விளிம்புவரை நிரம்பி, ஒன்றும் தெரியாமல் இருக்கும். அந்த மூலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறேன், குணத்துக்கும் சேர்த்து. பிறகு ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.